ஓதமேறிய சுவரும் ஓரத்துச் செடியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் இரயில்வே எழுத்தர் ஒருவர் ஆற்றிய உரை)

 

எனக்கு முன் பேசிய அன்பர்கள் இலக்கியச் சுவையை வாரி வழங்கினார்கள். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கொடுத்துவிட்டு, இரயில்வே அலுவலகத்தில் பேரேட்டோடு காலம் கழிக்கும் எழுத்தனாகிய எனக்கு அத்தகைய ஆற்றல் இல்லை. ஆறு நாள் பாலக்காட்டில் பணி. ஏழாம் நாள் ஆனைகட்டியில் வீடு. ஆதலின், வீட்டைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். குறிப்பாக, நம் வீட்டுச் சுவர்களில் ஏறும் ஓதத்தைப் பற்றியும், அச்சுவர்களை ஒட்டி நாம் நடுகின்ற பசுமை மாறாச் செடிகளைப் பற்றியும் சில சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

இது மேடையில் பேசத்தக்க பொருளா என்று சிலர் நினைக்கக்கூடும். நம்மில் பலர் கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்பை நாடி எல்லை கடந்து வந்தவர்கள். சேமநிதியில் கடன் எடுத்தும், நகையை அடகு வைத்தும் எழுப்பிய வீடுதான் நம் ஆயுட்காலச் சேமிப்பு. அந்தச் சேமிப்பை இடுப்பளவுக்கு ஈரம் அரித்துக்கொண்டிருந்தால், அதைப் பற்றிச் சங்கத்தில் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

முதலில் நாம் வாழும் மண்ணைச் சற்று நோக்குவோம். அட்டப்பாடி மலைநாடு ஒன்றாயினும் அதன் மழை ஒன்றன்று. மேற்கே முக்காலியும் அமைதிப் பள்ளத்தாக்கும் தென்மேற்குப் பருவமழையில் குளிக்கின்றன. அங்கே ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது. கிழக்கே வரவர மலைகள் மழை மேகத்தை மறைத்துவிடுகின்றன. ஆனைகட்டிப் பக்கத்தில் 1,000 மில்லிமீட்டர் கிடைப்பதே அரிது. இடுக்கியிலும் இதே கதைதான். மூணாறு மழையில் நனையும். சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மறையூர் மழைமறைவில் காயும். கேரளத்து ஆறுகளில் கிழக்கு நோக்கி ஓடுபவை மூன்றே. அவற்றுள் பவானி அட்டப்பாடி வழியாகவும், பாம்பாறு மறையூர் வழியாகவும் தமிழகம் புகுகின்றன. ஆறுகளும் நம்மைப் போல எல்லை கடந்தவையே!

இவ்வேற்றுமையை நான் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. மேற்கே முக்காலியில் உள்ள உறவினர் வீட்டில் சுவர் நனைகிறது என்றால், பெரும்பாலும் வானம் நனைக்கிறது. மழை குறைந்த ஆனைகட்டியில் நம் சுவர் நனைகிறது என்றால், பெரும்பாலும் நாமே நனைக்கிறோம். குளியலறைக் கழிவுநீர், கசியும் குழாய், சுவரடியில் செடிக்கு ஊற்றும் குடத்து நீர் ஆகியவையே இங்கே முதற் குற்றவாளிகள். நோய் இரண்டும் ஒன்று போலத் தோன்றினும் மருந்து வேறு.

ஓதம் என்பது என்ன? விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதைப் பார்க்கிறோம் அல்லவா? செங்கல்லும் அவ்வாறே. அதனுள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்திருக்கின்றன. அடிமண் ஈரமாக இருந்தால் அத்துளைகள் வழியே நீர் மூன்றடி வரை ஏறும். நீரோடு மண்ணிலுள்ள உப்பும் ஏறுகிறது. நீர் காற்றில் உலர்ந்துவிட, உப்பு மட்டும் சுவரின் மேல் வெள்ளையாகப் பூக்கிறது. பூச்சைப் பொரித்து உதிர்க்கிறது. தடாகம் பள்ளத்தாக்கின் செங்கற்சூளைகள் 2021-இல் மூடப்பட்டன. ஆயினும் அச்செங்கல்லால் எழுந்த வீடுகள் இப்பக்கம் ஏராளம். அடிமண்ணில் ஈரம் தேங்கினால் எந்தச் செங்கல்லும் திரியாகும்.

தரையிலிருந்து ஏறுவது ஒரு வகை. சாரல் நேரே அடிப்பது இரண்டாவது. கூரையும் குழாயும் ஒழுகுவது மூன்றாவது. அறையின் காற்றிலுள்ள ஆவி குளிர்ந்த சுவரில் முத்துமுத்தாகப் படிவது நான்காவது. கடைசி வகையைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. கையகலப் பிளாஸ்டிக் தாளை அறையின் உட்சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் விட்டுவைக்க வேண்டும். தாளின் வெளிப்பக்கம் நனைந்தால் குற்றம் அறைக் காற்றினுடையது. சன்னலைத் திறக்க வேண்டும். தாளுக்கும் சுவருக்கும் இடையே நனைந்தால் குற்றம் சுவரினுள் இருக்கிறது. சோதிக்காமல் செலவு செய்வது, முகவரி எழுதாமல் கடிதம் அஞ்சலில் சேர்ப்பதற்கு ஒப்பாகும்.

இனிச் செடிக்கு வருவோம். சுவரோரத்தில் அடர்ந்த செடி வைத்தால் அது ஈரத்தைக் குடித்துவிடும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே உலவுகிறது. இது பாதி உண்மை. செடியின் வேர் மண்ணின் நீரைக் குடிப்பது மெய்தான். ஆனால் அது எப்போது குடிக்கிறது? வெயிலும் காற்றும் உள்ள நாளில் மிகுதியாகக் குடிக்கிறது. அடைமழை நாளில், காற்றே நனைந்திருக்கும்போது, இலையிலிருந்து நீர் ஆவியாவது குறைகிறது. வேரும் குறைவாகவே குடிக்கிறது. அதாவது, சுவருக்கு உதவி வேண்டிய வேளையில் செடி ஓய்வெடுக்கிறது. கோடையில் அது நன்றாகக் குடிக்கிறது. ஆனால் அப்போது நாமே குடம் குடமாக ஊற்றுகிறோம். அந்த நீரில் ஒரு பங்கு செடிக்கு. மறு பங்கு சுவருக்கு!

இதைவிடக் கேடான பழக்கம் வேறொன்று உண்டு. சுவரில் கறை படிந்துவிட்டது, பார்ப்பவர் கண்ணுக்கு அருவருப்பாக இருக்கிறது என்று, அதை மறைப்பதற்காகவே செடி நடுவது. நம் காலனியில் ஒரு வீட்டில் அப்படித்தான் நடந்தது. வடசுவரின் உப்புக் கறையை மறைக்கச் செடிகளை அணியணியாக நட்டார்கள். இரண்டாண்டுகளில் அவை சன்னல் உயரம் வளர்ந்தன. தெருவிலிருந்து பார்த்தால் கண்கொள்ளாக் காட்சி. உள்ளே அந்தச் சுவரை ஒட்டிக் கட்டில் போட்டுப் படுத்த குழந்தைக்கு மார்கழி முழுதும் இழுப்பு. கறை கரும்பூஞ்சணமாகிச் சன்னல் சட்டம் வரை ஏறியிருந்தது. செடிகளை அகற்றிக் கட்டிலை மாற்றிய பின்னரே அந்தத் தாய் இரவில் கண்ணயர்ந்தார்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வீட்டு ஈரத்தையும் பூஞ்சணத்தையும் பற்றி வழிகாட்டு நூல் ஒன்றை வெளியிட்டது. ஈரமும் பூஞ்சணமும் நிறைந்த வீடுகளில் வாழ்வோர்க்கு இருமலும் மூச்சிரைப்பும் ஆஸ்துமாவும் மிகுதியாகக் காணப்படுகின்றன என்று அது கூறுகிறது. எனவே சுவரின் கறை ஓர் அறிவிப்பு. நிலையத்தில் சிவப்புக் கை இறங்காமல் நிற்கும்போது அதன்மேல் துணி போட்டு மூடலாமா? கறையைச் செடியால் மூடுவதும் அப்படியே.

அப்படியானால் செடியே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்; ஆனால் அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும். இரயில்வேக்காரனுக்கு ஒரு பாடம் நன்றாகத் தெரியும். இருப்புப் பாதைக்குப் பெரும்பகை தேங்கும் நீர். அதனால்தான் தண்டவாளத்தின் அடியில் ஜல்லி கொட்டுகிறோம். இருபுறமும் வடிகால் எடுக்கிறோம். அதில் செடி முளைத்தால் களைகிறோம். வீட்டின் அடியையும் அவ்வாறே நடத்த வேண்டும். சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்குச் செடியின்றி ஜல்லி பரப்புக. மண்மட்டம் அஸ்திவாரத்தின் ஈரத்தடுப்புப் படைக்கு அரையடியாவது தாழ்ந்திருக்கட்டும். சுவரிலிருந்து பத்தடி தள்ளுவதற்குள் நிலம் அரையடி சரிந்து நீரை வெளியே அனுப்பட்டும். பாத்தி கட்டுகிறோம் என்று சுவரோடு மண் அணைப்பது, வாசற்படியில் நின்று ஓதத்தை வருக என்று அழைப்பதாகும்.

செடிக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி? எளிய கணக்கு ஒன்று சொல்கிறேன். செடி முழு வளர்ச்சி அடைந்தால் எத்தனை அடி அகலம் படருமோ, அதில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதனோடு ஒன்றரை அடி கூட்டுங்கள். ஆறடி படரும் நந்தியாவட்டைக்கு மூன்றும் ஒன்றரையும் சேர்ந்து நாலரை அடி. வாங்கும்போது சாண் உயரக் கன்றாக இருக்கிறதே என்று ஏமாறலாகாது. செடி வளர்ந்த பின்னும் அதற்கும் சுவருக்கும் இடையே ஓர் ஆள் துடைப்பத்தோடு நடந்துபோக வழியிருந்தால் அதுவே சரியான இடைவெளி. பசுமை மாறாச் செடி இலையே உதிர்க்காது என்பது தவறான எண்ணம். அது ஒரே காலத்தில் உதிர்க்காமல் ஆண்டு முழுதும் சிறிது சிறிதாக உதிர்க்கும். அந்தச் சருகு சுவரடியில் மட்கினால் ஈரமும் கறையானும் குடியேறும். ஆகவே துடைப்பம் புகும் வழி கட்டாயம்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. துளசிமாடத்தை முற்றத்தின் நடுவில் வைத்தார்கள், சுவரோடு ஒட்டவில்லை. திண்ணையும் அகன்ற இறவாரமும் வைத்து மழைச் சாரல் சுவரைத் தீண்டாமல் காத்தார்கள். இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தைத் தம் நாடாகக் கொண்ட கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் 1960-களில் வாகமன் மலையில் வாழ்ந்தவர். அவரும் நம் நாட்டு வீடுகளின் நீண்ட இறவாரத்தையே போற்றினார். அகன்ற இறவாரம் இருக்கும் வீட்டில், அதன் நீர் சொட்டும் கோட்டுக்கு வெளியேதான் செடி நிற்க வேண்டும். உள்ளே நட்டால் மழைநீர் கிடைக்காது. நாம் ஊற்ற நேரும். ஊற்றினால் சுவர் நனையும்.

எந்தத் திசையில் எதை நடுவது என்பதும் நம் ஊருக்கேற்ப மாறும். ஆனி ஆடியில் சாரல் மேற்கிலும் தெற்கிலும் அடிக்கும். ஆனைகட்டிக்கு ஐப்பசி கார்த்திகை மழையே முக்கியம். அது வடக்கையும் கிழக்கையும் நனைக்கும். அம்மாதங்களில் சூரியன் தென்புறம் சாய்ந்து செல்வதால் வடசுவருக்கு வெயிலே கிடையாது. நனைவதும் அதுவே, காயாததும் அதுவே. எனவே நம் வீடுகளில் வடசுவரின் அருகே உயரமான எதையும் நடாமல் காற்றுக்கு விட்டுவிடுவது நலம். மேற்குச் சுவருக்கு எதிரே, மேலே சொன்ன இடைவெளியில், சாரலின் வேகத்தை உடைக்கும் செடி நிற்கலாம்.

இனிச் செடிகளின் பெயர்களுக்கு வருகிறேன்.

முதலாவது நந்தியாவட்டை. பாதி நிழலிலும் செழிக்கும், கத்தரித்தால் துளிர்க்கும், பாலுள்ள செடியாதலின் கால்நடை விரும்பித் தின்னாது. மேற்குச் சாரலுக்கு எதிரே இது நல்ல காவலன். அடியிலுள்ள கிளைகளைத் தரையிலிருந்து ஓரடி உயரம் கழித்துவிட்டால் கீழே காற்று ஓடும்.

இரண்டாவது வெட்சி. இட்லிப்பூ என்று நாமும், தெச்சி என்று மலையாளிகளும் அழைப்பது இதையே. அடக்கமாக வளரும், ஆண்டு முழுதும் பூக்கும், கோயிலுக்கும் ஆகும். ஆனால் புளிப்புத்தன்மையுள்ள மண்ணையே இது விரும்பும். சுவரோரத்தில் உதிர்ந்த சுண்ணாம்பும் சிமெண்டும் மண்ணைக் காரமாக்கிவிடுவதால், அங்கே நட்ட வெட்சி மஞ்சள் பூத்து வாடும். உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் மேலும் உரமும் நீரும் விடுவார் உண்டு. இடத்தை மாற்றினாலே போதும்.

மூன்றாவது ஆடாதோடை. ஆடு தொடாத இலை என்று பெயரே சொல்கிறது. அட்டப்பாடிக் கருப்பாடு தனி இனமாகப் பெயர் பெற்ற இம்மலையில், வேலி தாண்டும் ஆட்டுக்குத் தப்பும் செடி எத்துணை அருமை! கிளையை ஒடித்து ஊன்றினால் பிழைக்கும், வறட்சியைத் தாங்கும், நிலைத்துவிட்டால் நீர் ஊற்ற வேண்டியதில்லை. ஆனைகட்டியின் ஓதச் சுவருக்கு இதுவே என் முதல் தேர்வு. ஊற்றாத நீர் சுவரில் ஏறாது அன்றோ? இருமலுக்கு இதன் இலை பழமையான மருந்து. எனினும் கருவுற்ற தாய்மார்கள் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது.

நான்காவது நொச்சி. கடும் வறட்சியில் இலை குறையுமாதலின் முழுப் பசுமைச் செடி என்று சொல்ல முடியாது. பத்தடிக்கு மேல் உயரும். எனவே சுவரோரத்துக்கு ஆகாது, வேலியோரத்துக்கு ஆகும். தமிழ்ச் சங்கத்தில் நின்று பேசுவதால் ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. ஆநிரை கவர்ந்த வீரர் வெட்சி சூடினர். மதில் காத்த வீரர் நொச்சி சூடினர் என்று நம் புறப்பொருள் இலக்கணம் வகுத்தது. மதிலைக் காக்க நொச்சி சூடிய மரபில் வந்த நாம், வீட்டு மதிலைக் காக்க நொச்சியை வேலியில் நடுவது பொருத்தந்தானே!

செம்பருத்தியும் கறிவேப்பிலையும் வைக்கலாம். ஆனால் சமையலறை வடிநீர் சேறாகத் தேங்கும் இடத்தில் அன்று. சேற்றில் வேர் அழுகும்.

அரளியைப் பற்றி எச்சரிக்கை வேண்டும். வறட்சிக்கு அஞ்சாத பசுஞ்செடிதான். ஆனால் வேர் முதல் பூ வரை நஞ்சு. 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவசமும் மலபார் தேவசமும் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேரலாகாது என்று தடுத்துவிட்டன. குழந்தைகள் தவழும் முற்றத்தில் அது வேண்டாம்.

நடக்கூடாதவை இன்னும் சில. சுவரிலேயே வேர் ஊன்றிப் படரும் கொடி ஈரத்தைப் போர்வை போல் அணைத்து வைக்கும். விரிசலில் பறவை எச்சத்தால் முளைக்கும் ஆலையும் அரசையும் இரண்டிலையிலேயே களைய வேண்டும். பூ அழகாக இருக்கிறதென்று உண்ணிச்செடியை வேலியாக்க வேண்டாம். அது காட்டுக்குள் பரவி, யானைக்கும் மானுக்கும் உரிய புல்லை நெருக்கி ஒழிக்கிறது.

யானை என்றதும் முக்கியமான ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் ஊரின் பெயரிலேயே ஆனை இருக்கிறது. குளியலறை நீர் வெளியேறும் இடத்தில் வாழை வைப்பது தமிழர் வீட்டு வழக்கம். வேறு ஊரில் அது சிக்கனம். இங்கேயோ அந்த வாழை இருவகையில் தீமை செய்கிறது. கழிவுநீரைச் சுவரடியிலேயே தேங்க வைக்கிறது. தார் தள்ளியதும் யானையை வீட்டின் பின்சுவருக்கே அழைத்து வருகிறது. ஓதத்தில் உளுத்த சுவர் யானையின் ஓர் உரசலைத் தாங்குமா? உறங்கும் குழந்தைக்கும் அந்தத் தும்பிக்கைக்கும் இடையே இருப்பது அந்தச் சுவர்தானே! மதுக்கரைக் காட்டில் இருப்புப் பாதையை நெருங்கும் யானைகளைக் கண்டறிந்து எச்சரிக்கச் செயற்கை நுண்ணறிவு ஏற்பாடு 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. இரயிலுக்கும் யானைக்கும் இடையே அத்துணைப் பாடுபடும் காலத்தில், நாம் வாழைத்தார் கட்டி விருந்துக்கு அழைக்கலாமா? கழிவுநீரைக் குழாய் வழியே பத்தடிக்கு அப்பால் கொண்டுசென்று உறிஞ்சுகுழியில் விடுங்கள். அங்கே கல்வாழை நடுங்கள். அதற்குக் குலையும் இல்லை. யானைக்கு அழைப்பும் இல்லை.

வேலைகளின் வரிசை இதுதான். சித்திரையில் சுவரைச் சோதித்துக் குழாய் கசிவையும் கூரையையும் செப்பனிடுக. வைகாசியில் மண்மட்டத்தைத் தாழ்த்தி, ஜல்லி பரப்பி, பழைய செடிகளைக் கத்தரிக்க. உதிர்ந்த இடத்தில் அவசரப்பட்டுச் சிமெண்டு பூச வேண்டாம். உள்ளீரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும். சுவர் காய்ந்தபின் சுண்ணாம்புக் காரை பூசுவது நலம், அது மூச்சுவிடும். ஐப்பசியின் முதல் மழையில் கன்று நடுக. மழையே அதற்கு நீர் வார்க்கும். மேற்கே முக்காலிப் பக்கத்தார் ஆனியில் நடலாம்.

அன்பர்களே! நான் சொன்ன பரிகாரங்களுள் பெரும்பாலானவற்றுக்கு மண்வெட்டியும் துடைப்பமும் போதும். ஞாயிறுதோறும் இளைஞர்கள் நால்வர் சேர்ந்தால் ஒரு வீட்டின் சுவரடியைச் சீராக்கிவிடலாம். முதியோர் தனித்து வாழும் வீடுகளிலிருந்து தொடங்குவோம். ஆடாதோடைக் கிளைகள் எங்கள் வேலியில் நிறைய உள்ளன. கேட்பவர்க்கு ஒடித்துத் தருகிறேன். செடி நடுமுன் சுவரைக் கேளுங்கள்; நீர் எங்கிருந்து வருகிறதென்று அதுவே சொல்லும்.